மரப் பொம்மை வீட்டுக் கிட்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

வெட்டிய பலகைகள், ஒரு விளக்கத் தாள், சில கிட்டுகளில் சின்ன விளக்குகள். பெட்டியைப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் வேலை மாதிரித் தெரியும். கடலூரில் என் வீட்டில் ஒன்றை நிமிர்த்தி நிறுத்துவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. விளக்கத் தாளில் நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது என்பதுதான் பெரிய சிக்கல். கடலோரத்தில் பலகை வளையும், பசை காயத் தாமதமாகும், பெயின்ட் பிசுபிசுக்கும். இதெல்லாம் முன்பே தெரிந்தால் பாதிக் கஷ்டம் குறையும். அதனால் வாங்குவதிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அளவு, அப்புறம் அழகு

பெட்டியில் 1:12 அல்லது 1:24 என்று போட்டிருக்கும். 1:12 என்றால் நிஜ வீட்டின் ஓர் அடிக்குப் பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். 10 அடி உயர அறை 10 அங்குலம், 7 அடிக் கதவு 7 அங்குலம். 1:24 இதில் பாதி. பார்பி பொம்மையின் உயரம் 11.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1:6. அதை 1:12 வீட்டுக்குள் நிறுத்தினால் தலை கூரையில் இடிக்கும். குழந்தையிடம் ஏற்கெனவே பொம்மை இருந்தால் அதை ஸ்கேலில் அளந்துவிட்டுக் கிட்டைத் தேடுங்கள்.

கொலுவுக்காகக் கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் நாம் வாங்குகிற மண் பொம்மைகள் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஒரே கடையில் வாங்கிய செட்டியார் பொம்மையும் சமையல் செட்டும் வேறு வேறு அளவில் இருக்கும். இரண்டு மாடி கொண்ட 1:12 வீடு சுமார் இரண்டடி அகலம், ஓர் அடிக்கு மேல் ஆழம் இருக்கும். பெரும்பாலான கொலுப்படிகளில் அது உட்காராது, கீழே பூங்கா போடுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். படியில்தான் வேண்டும் என்றால் 1:24 வாங்குங்கள்.

மரம் என்று விளம்பரத்தில் இருந்தாலும் உள்ளே வருவது பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). நம் ஊருக்கு என் ஓட்டு பிளைவுட்டுக்குத்தான். பிளைவுட் வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். எம்.டி.எஃப். ஓரத்தில் தண்ணீர் ஏறி உப்பிவிட்டால் பழைய நிலைக்கு வரவே வராது.

வயதையும் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அலங்காரக் கிட்டுகள் பலவற்றில் "14+" என்று இருக்கும். சின்னப் பாகங்கள் நிறைந்த அந்த வீடு ஷோகேஸில் வைப்பதற்கானது. மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுக்க அது ஏற்றதல்ல.

2. பில், வீடியோ, அடையாள அட்டை

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிப்பதற்கு முன்பே போனில் வீடியோவை ஓட விடுங்கள். ஆறு பக்கமும் காட்டி, திறந்து, ஒவ்வொரு பலகையையும் எடுத்து வைக்கும் வரை நிறுத்தாதீர்கள். எனக்கு வந்த கிட்டில் ஒரு ஜன்னல் சட்டம் இல்லை. போட்டோ அனுப்பினேன், திறக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்று சொல்லி விற்பனையாளர் கடைசிவரை தரவில்லை. திருப்பி அனுப்பக் கொடுக்கும் கெடு சில நாள்தான் இருக்கும். "லீவில் திறந்துகொள்ளலாம்" என்று பெட்டியைப் பரணில் போட்டால் கெடு போய்விடும். பில்லை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் கே.ஒய்.சி. கேட்பார்கள். ஆதார், பான் மாதிரி ஓர் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் தயாராக இருக்கட்டும். பார்சலில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இனிஷியல் மாறினால்கூட இழுத்தடிக்கும். சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். அதற்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கட்டணம் வேறு. அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு பிரான்சில் சொந்தம் உண்டு. வருகிறவர்கள் பெட்டியில் எடுத்துவந்தால் நல்லது, பிரிக்காத கிட் தட்டையாகத்தான் இருக்கும். தாள் பிரெஞ்சில் இருந்தாலும் கவலை வேண்டாம். படமும் எண்ணும்தான் வேலைக்கு வேண்டியவை. அளவெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும், நீங்களும் மில்லிமீட்டரிலேயே அளங்கள்.

3. எந்த மாதத்தில் உட்காரலாம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் பலகை ஈரத்தைக் குடித்துவிடும். மிக நல்ல காலம் பொங்கல் கழிந்து மார்ச் வரை. பனி விலகி வெயில் வந்தபின், காலை ஒன்பது பத்து மணிக்கு ஆரம்பியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பி ஈரத்தைக் கொண்டுவரும். பெயின்ட் வேலையை அதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஈரப்பதம் பார்க்கக் கருவி வேண்டாம், சமையலறைக் கல் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு நீர் விட்டு ஜாடியின் அடியில் தேங்கியிருந்தால் அன்று பெயின்ட்டைத் தொடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டும்போதுதான் உப்பு அப்படிக் கசியும். அன்று துண்டுகளைத் தேய்க்கிற வேலை பார்க்கலாம்.

மாலை நேரத்தில் மட்டும் உட்கார முடிகிறவர்கள் 1:24 கிட்டுக்கு மூன்று வாரமும் பெரிய 1:12 வீட்டுக்கு இரண்டு மூன்று மாதமும் ஒதுக்குங்கள். நவராத்திரிக்கு வேண்டும் என்றால் ஆனியிலேயே பெட்டியைத் திறந்துவிடுங்கள், ஆவணியில் முடித்துவிடலாம்.

4. சாமான்களும் செலவும்

கிட் விலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை சாமான்களுக்கு எடுத்து வையுங்கள். பெட்டியில் வருகிற பசை ட்யூப் பெரும்பாலும் போதாது, பெயின்ட் பெரிய கிட்டுகளில் வருவதே இல்லை. மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு ஸ்டேஷனரி கடை ஏறி இறங்கினால் எல்லாம் கிடைக்கும். புதுச்சேரிக்காரர்களுக்கு நேரு வீதியையும் எம்.ஜி. ரோட்டையும் சுற்றினால் போதும். விலை கடைக்குக் கடை மாறும், நான் கொடுத்ததை ஒட்டிச் சொல்கிறேன்.

உப்புத்தாள் 120, 180, 320 நம்பர்களில் இரண்டிரண்டு, ஒரு தாள் 20 ரூபாய் சுமாருக்கு. ஃபெவிகால் எஸ்.எச். கால் கிலோ, 100 ரூபாய் பக்கம். மாஸ்கிங் டேப் ஓர் அங்குல அகலத்தில் இரண்டு ரோல், 100 ரூபாய்க்குள். கட்டர் கத்தியும் மாற்று பிளேடும் 100 ரூபாய். ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. ஆசாரிகள் வைத்திருக்கிற மூலைமட்டத்தில் சின்னது ஒன்று, இதை மட்டும் தவிர்க்காதீர்கள். வுட் பிரைமர், அக்ரிலிக் பெயின்ட், இரண்டு பிரஷ் எல்லாம் சேர்த்து 600 முதல் 1,000 ரூபாய். பல்குச்சி, துணி கிளிப், ரப்பர் பேண்ட் வீட்டிலேயே இருக்கும்.

பசையில் ஏமாறாதீர்கள். க்ளூ கன் வேகமானது என்று கடையில் சொல்வார்கள். அது துண்டை நேராக வைப்பதற்குள் உறைந்துவிடும், இணைப்பில் தடித்து நின்று இடைவெளி விடும், நம் வெயிலில் இளகும். ஃபெவிக்விக் சின்ன உலோகப் பாகங்களுக்கு மட்டும். பருத்தித் துணியோ பஞ்சோ அதன்மேல் பட்டால் சூடேறிக் கையைச் சுடும், அதனால் வழிந்ததைப் பஞ்சால் துடைக்காதீர்கள். சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் ஃபெவிகால்தான்.

5. பெட்டியைத் திறந்த அன்று ஒரு துண்டையும் பிரிக்காதீர்கள்

துண்டுகள் பெரிய பலகையில் ஒட்டிக்கொண்டபடிதான் வரும். ஒவ்வொரு பலகையையும் போட்டோ எடுங்கள். தாளில் உள்ள எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் எண்ணையும் "மேல்", "இடது" என்பதையும் எழுதுங்கள். பிரித்துக் குவித்துவிட்டால் ஒரே மாதிரி இருக்கிற எட்டு ஜன்னல் சட்டங்களில் எது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போய்விடும்.

பிறகு பலகைகளை ஃபேன் ஓடும் அறையில் தட்டையாக அடுக்கி இரண்டு மூன்று நாள் விடுங்கள், நம் வீட்டுக் காற்றுக்கு அவை பழக வேண்டும். மேலே 5 கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்தால் எடை சமமாகப் பரவும். ஏற்கெனவே வளைந்திருந்தால் குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, பாரம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். ஈரம் பட்ட பக்கம் விரியும், பலகை நேராகும். வெயிலில் காயவைத்தால் மறுபடி வளையும். நிழல்தான் சரி.

6. பிரித்தெடுத்தல், தேய்த்தல்

கையால் அழுத்திப் பிதுக்காதீர்கள். துண்டைப் பலகையோடு பிடித்திருக்கும் சின்னச் சின்ன இணைப்புகளை முன்பக்கத்திலிருந்து கத்தியால் கீறி, பின்பக்கத்திலும் கீறி, அப்புறம் எடுங்கள். இல்லாவிட்டால் பிளைவுட்டின் மேல் தோல் உரிந்து வரும். அச்சில் அழுத்தி வெட்டிய கிட்டுகளில் இது அதிகம். லேசரில் வெட்டியவற்றில் ஓரம் கருகியிருக்கும். அந்தக் கரியை 180 நம்பர் தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். விட்டால் வெள்ளை பெயின்ட்டில் சாம்பல் கோடாகத் தெரியும்.

மிச்சமான பலகைச் சட்டங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பெயின்ட் சோதித்துப் பார்க்க, உடைந்த இடத்தில் ஒட்டுப் போட, திண்ணை கட்ட எல்லாவற்றுக்கும் அவை வேண்டும்.

7. பசை தொடாமல் ஒருமுறை முழு வீட்டையும் நிறுத்துங்கள்

இந்த ஒரு வேலைதான் வீட்டைக் காப்பாற்றும். பாதிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாஸ்கிங் டேப்பை மட்டும் வைத்து அடித்தளம் முதல் கூரை வரை கட்டிப் பாருங்கள்.

ஒரு துண்டின் நீட்டிய முனை நாக்கு, அது இறங்க வேண்டிய பள்ளம் காடி. நாக்கு காடிக்குள் இறங்காவிட்டால் நாக்கைத் தேயுங்கள், காடியைப் பெரிதாக்காதீர்கள். காடி பெரிதாகிவிட்டால் அதைச் சரிசெய்யப் பட்டி பார்க்க வேண்டியிருக்கும். பெயின்ட் பூசினால் பலகை இன்னும் கொஞ்சம் தடிக்கும். அதனால் இப்போதே இறுக்கமில்லாமல் லேசாக இறங்குகிற மாதிரி இருக்கட்டும்.

அப்புறம் மட்டம் பாருங்கள். மூலைமட்டத்தைச் சுவருக்கும் தரைக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். பிறகு திறந்த முன்பக்கத்தில் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கும், வலது மேலிருந்து இடது கீழுக்கும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வீடு சதுரமாக நிற்கிறது. 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கூரை ஒரு பக்கம் இடைவெளி காட்டும். டேப்பை இழுத்துக் கட்டிச் சரிசெய்து, சரியாக நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டும். எந்தச் சுவர் முதலில் இறங்க வேண்டும், எது தடுக்கிறது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத் தாளில் உள்ள வரிசை சில சமயம் ஒத்துவராது.

8. ஒட்டுவதற்கு முன்பே பெயின்ட்

ஒட்டிய பிறகு மாடிப்படிக்கு அடியிலும் மூலைகளிலும் பிரஷ் போகாது. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பூசுங்கள். அதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, பசை படப்போகும் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஃபெவிகால் மர நாருக்குள் ஊறித்தான் பிடிக்கும், பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்து வரும். இரண்டு, முன்பக்கம் பூசினால் பின்பக்கமும் ஒரு கை பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய 3 மில்லிமீட்டர் பலகை காலையில் எழுந்து பார்த்தால் வளைந்து கிடக்கும்.

பிரைமர் ஒரு கை, காய்ந்ததும் 320 நம்பர் தாளால் மெதுவாகத் தேய்த்தல், பிறகு மெல்லியதாக இரண்டு கை பெயின்ட். தண்ணீர் கலந்த பெயின்ட் பட்டதும் மர நார் எழும்பிச் சொரசொரவென்று ஆகும். அதனால்தான் நடுவில் தேய்க்கச் சொல்கிறேன். வெட்டு ஓரங்களுக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுங்கள். ஈரம் ஏறுவதே அங்கேதான்.

நிறத்தைப் பற்றி என் ஆசை ஒன்று. கிட்டோடு வரும் படத்தில் பெரும்பாலும் புகைபோக்கி வைத்த, சரிந்த கூரை வீடுதான் இருக்கும். அப்படியே கட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. புகைபோக்கியை விட்டுவிடுங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் வீடுகளின் கடுகு மஞ்சளும் வெள்ளைப் பட்டையும் பொம்மை வீட்டுக்கு அவ்வளவு பொருந்தும். அதைவிட எனக்குப் பிடித்தது வைசியாள் வீதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளின் முகப்பு. மிச்சச் சட்டங்களை மூன்று அங்குல அகலத்தில் அடுக்கி, இரண்டு அங்குல உயரத்துக்கு ஒட்டினால் 1:12 அளவில் ஒரு திண்ணை வந்துவிடும். அதற்கு முன்னால் ஐஸ்கிரீம் குச்சிகளைச் சீவித் தூணாக நிறுத்தி, ஒரு சாய்ப்பு இறக்கினால் தாழ்வாரம். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் துணி விற்கிறவர்களிடம் திரைச்சீலைக்குத் தேவையான துண்டு கிடைக்கும். பழைய கோரைப்பாயில் ஒரு சாண் வெட்டினால் திண்ணையில் விரிக்கப் பாய் தயார். ஓரம் பிரியாமலிருக்க வெட்டும் இடத்தில் முதலில் ஃபெவிகால் தடவி, காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

9. விளக்கு

விளக்கு உண்டென்றால் சுவர்க் காகிதம் ஒட்டுவதற்கு முன் ஒயரைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு எல்.இ.டி.யையும் பேட்டரியில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், எரியாவிட்டால் ஒயரை மாற்றி வைத்துப் பாருங்கள். 3 வோல்ட் விளக்கைப் போன் சார்ஜரில் நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும்.

பொத்தான் பேட்டரி வருகிற கிட்டாக இருந்தால் மிகக் கவனம். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஸ்க்ரூ போட்டு மூடுகிற பேட்டரிப் பெட்டிதான் வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் விளக்கே வேண்டாம்.

10. ஒட்டுகிற வரிசை

அடித்தளம், பின்சுவர், பக்கச்சுவர்கள், முதல் தளம், நடுச்சுவர், மேல் தளம், கூரை. பெரும்பாலான வீடுகளுக்கு இது பொருந்தும். உங்கள் குறிப்பு வேறு வரிசை சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

ஃபெவிகாலைப் பல்குச்சியால் மெல்லிய கோடாக வையுங்கள். அழுத்தும்போது ஓரத்தில் மணி மணியாகக் கொஞ்சம் பிதுங்கினால் அளவு சரி, வழிந்தால் அதிகம். பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். டேப் ஒட்டி, மூலைமட்டம் வைத்து, இரண்டு குறுக்களவையும் மறுபடி பாருங்கள். முதல் சில நிமிடங்களுக்குள் நகர்த்திக்கொள்ளலாம், அதற்கு மேல் தொடக் கூடாது. பசை வெள்ளையிலிருந்து கண்ணாடி மாதிரி ஆனாலும் உள்ளே பிடிக்க ஒரு முழு நாள் வேண்டும், மழை மூட்டம் இருந்தால் இரண்டு நாள். ஒரு நாளைக்கு ஒரு தளம் என்று வைத்துக்கொண்டால் அவசரமே வராது.

ஜன்னல் பிளாஸ்டிக்கை ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி படிந்து பிளாஸ்டிக் மங்கிவிடும், துடைத்தாலும் போகாது. ஓரத்தில் ஃபெவிகால் வைத்து, மேலே சட்டத்தை ஒட்டி இறுக்குங்கள். கதவுக்குக் கீலும் ஆணியும் பித்தளையில் வாங்குங்கள். இரும்பு என்றால் உப்புக்காற்றில் துருப்பிடித்து, பெயின்ட்டில் பழுப்பாக வழியும்.

கூரையை முழுக்க ஒட்டாமல் ஒரு பக்கத்தையாவது தூக்கி எடுக்கிற மாதிரி விடுங்கள். விளக்கு பழுதானால் உள்ளே கை போக வேண்டும். ஆட்டோவில் கொலுவுக்குக் கொண்டுபோகும்போதும் கழற்றித் தனியாக எடுத்துப் போகலாம்.

11. மழைக்காலத்தில்

தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பெயின்ட் படாத அடிப்பக்கத்தின் வழியாகத்தான் ஈரமும் கரையானும் ஏறும், அதனால் அடித்தளத்தின் கீழே இரண்டு கை பிரைமர் கொடுத்து, நான்கு மூலையிலும் ரப்பர் கால் ஒட்டுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் சுவர்க் காகிதத்தின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள், தூக்கியிருந்தால் ஒரு சொட்டுப் பசை போதும். பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்திப் புடவையால் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போட்டு, மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பொட்டலங்களைக் கூரைக்கு அடியில், கைக்கு எட்டாத இடத்தில் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.